முதன்முறையாக அச்சிட்ட அட்டைப்பெட்டி வாங்குவோருக்கு: ஃபிளெக்ஸோ பிளேட் செய்யும் முன்னும் பின்னும்

வெற்று அட்டைப்பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டிச் சரக்கு அனுப்பிவந்த சிறு உற்பத்தியாளர் ஒருவர், தம் பெயரும் சின்னமும் அச்சிட்ட பெட்டிக்கு மாற நினைத்துப் பெட்டி ஆலைக்குப் போனால், "ஆர்ட்வொர்க் இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இருக்கிறது என்று சொல்லிக் கோப்பை அனுப்பியவுடன் அதை அச்சிடும் பிளேட் செய்யக் கொடுத்துவிடுவார்கள். அதன்பின் பெட்டியின் அளவு மாறினாலும், உரிம எண் மாறினாலும், ஓர் எழுத்து பிழையாக இருந்தாலும் புதிய பிளேட்டுக்கான பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும். எந்த முடிவை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உணவு எண்ணெயை ஒரு லிட்டர் பாட்டில்களில் அடைத்து, பெட்டிக்கு 12 பாட்டில் வீதம் அனுப்பும் தொழிலை எடுத்துக்காட்டாக வைத்து இதை எழுதுகிறேன். மசாலா, பின்னலாடை, பம்பு உதிரிப்பாகம் என எதை அனுப்பினாலும் உணவுச் சட்டம் தொடர்பான பகுதியைத் தவிர மற்றவை பொருந்தும்.

1. உங்களுக்கு ஃபிளெக்ஸோ அச்சு தேவைதானா என்று பாருங்கள்

ஃபிளெக்ஸோவில் எழுத்துகள் மேடாக எழும்பி நிற்கும், வளையக்கூடிய ஃபோட்டோபாலிமர் பிளேட் ஓர் உருளையில் சுற்றப்படும். நுண்குழிகள் கொண்ட அனிலாக்ஸ் உருளை அதன்மேல் மையைத் தடவ, பிளேட் அட்டையின்மீது இலேசாக ஒற்றிச் செல்லும். பழைய ஆலைகளில் பிளேட்டை "ஸ்டீரியோ" என்றும் சொல்வார்கள். ஒன்று அல்லது இரண்டு நிறத்தில் பெயர், சின்னம், சில வரிகள் போதும், ஒரே பெட்டியை ஆயிரக்கணக்கில் வாங்கப்போகிறீர்கள் என்றால் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

சில நூறு பெட்டிகள் மட்டுமே தேவையென்றால் பிளேட்டுக்குப் பணம் போடாமல் ஸ்கிரீன் பிரிண்டிங்கோ ஸ்டிக்கரோ போதும். புகைப்படமும் பளபளப்பும் வேண்டுமென்றால், சிவகாசியில் செய்வதுபோல் ஆஃப்செட்டில் அச்சிட்ட தாளை அட்டையின்மேல் ஒட்டும் முறையை விசாரியுங்கள். அது கடை அலமாரியில் நிற்கும் பெட்டிக்கு ஏற்றது, லாரியில் போகும் பெட்டிக்கு வீண்செலவு.

ஆலையில் உள்ள இயந்திரம் ஒரே ஓட்டத்தில் எத்தனை நிறம் அச்சிடும் என்று முதலிலேயே கேளுங்கள். இரண்டு நிற இயந்திரத்தில் மூன்றாம் நிறம் வேண்டுமென்றால் அட்டையை மறுபடியும் உள்ளே விட வேண்டும். அப்போது நிறங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதோடு, அட்டையும் இரண்டாம் முறை நசுங்கும்.

2. பெட்டியின் அளவையும் தாளையும் முடிவுசெய்யுங்கள்

பெட்டி அளவை எப்போதும் உள்ளளவாக, நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில், மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். உள்ளளவா வெளியளவா என்று எழுதாமல் விடுவதால் வரும் சச்சரவு மிகுதி. ஐந்து பிளை (ஐந்து அடுக்கு) அட்டையில் அந்த வேறுபாடு பாட்டில் உள்ளே போவதையே தடுத்துவிடும். வரிசைக்கு 3 வீதம் 4 வரிசையாக அடுக்கும் 12 பாட்டில்களுக்கு, பாட்டிலின் பருமனைப் பொறுத்து, 340 × 260 × 280 போன்ற ஓர் அளவு வரும். அச்சில்லாத மாதிரிப் பெட்டி ஒன்றைச் செய்து வாங்கி, மூடி போட்ட பாட்டில்களை நிரப்பி, டேப் ஒட்டி, தூக்கிக் குலுக்கிப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அட்டையின் நெளிவை "புளூட்" என்பார்கள். ஏ புளூட் ஏறத்தாழ 5 மி.மீ., சி புளூட் 4, பி புளூட் 3, இ புளூட் 1.5 மி.மீ. தடிமன் வரும். நெளிவு நெருக்கமாக இருந்தால் மேற்பரப்பு சமமாக இருக்கும், அச்சும் சுத்தமாக விழும். பெரிய நெளிவில், மை நெளிவின் முகட்டில் அடர்ந்தும் பள்ளத்தில் வெளிறியும் விழுந்து, வண்ணப்பட்டை முழுவதும் கோடு கோடாகத் தெரியும். ஐந்து பிளை அட்டையில் இரண்டு வகை நெளிவு சேர்ந்திருந்தால், நெருக்கமான நெளிவு அச்சு விழும் வெளிப்பக்கத்தில் வரட்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

தாளுக்கு இரண்டு எண்கள் உண்டு: சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று எடையைச் சொல்லும் ஜி.எஸ்.எம்., வலிமையைச் சொல்லும் பி.எஃப். (பர்ஸ்டிங் ஃபேக்டர்). இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், அந்தத் தாள் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ அழுத்தம் தாங்கிக் கிழியும் என்பது வரும், 150 ஜி.எஸ்.எம்., 20 பி.எஃப். தாளுக்கு அது 3 கிலோ. விலைப்புள்ளியில் "ஐந்து பிளை, நல்ல தாள்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வாங்கிவைத்துப் பயனில்லை. ஒவ்வோர் அடுக்கின் ஜி.எஸ்.எம்., பி.எஃப். இரண்டும் எழுத்தில் வர வேண்டும்.

அந்த எண்கள் கிடைத்துவிட்டால் விலையை நீங்களே சரிபார்க்கலாம். சாதாரண நான்கு மடல் பெட்டிக்கு, விரித்த அட்டையின் நீளம் என்பது நீளமும் அகலமும் கூட்டி இரண்டால் பெருக்கியது; அதோடு ஒட்டுமடலுக்கு 40 மி.மீ. வரை சேரும். அகலம் என்பது பெட்டியின் அகலமும் உயரமும் சேர்ந்தது. மடிப்புக்கும் வெட்டுக்கும் சிறிது கூட்டினால் நம் பெட்டிக்கு 1,270 × 560 மி.மீ., அதாவது 0.71 சதுர மீட்டர். மூன்று சமதளத் தாள்கள் 150 ஜி.எஸ்.எம்., இரண்டு நெளிவுத் தாள்கள் 120 ஜி.எஸ்.எம். என்றால், நெளிவு ஏறத்தாழ 1.4 மடங்கு தாளை இழுக்கும் என்பதால், மொத்தம் 786 ஜி.எஸ்.எம். ஆகவே பெட்டி ஏறத்தாழ 560 கிராம். காகிதமும் செய்கூலியும் சேர்த்துக் கிலோவுக்கு 60 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 33 முதல் 34 ரூபாய் வரும். இதைவிட வெகுவாகக் குறைத்து ஒருவர் விலை சொன்னால், தாளில் எங்கோ குறைக்கிறார் என்று பொருள். சரக்கு வந்ததும் ஒரு பெட்டியைத் தராசில் வைத்தால் அது தெரிந்துவிடும். பசையின் எடையும் ஈரத்தின் எடையும் சேர்ந்து சிறிது கூடலாம். வெகுவாகக் குறைவதற்குக் காரணமே இல்லை.

3. பெட்டியில் எவை இருக்க வேண்டும், எவை பிளேட்டில் வரக்கூடாது

சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011, மொத்த விற்பனைப் பொட்டலத்தின்மேல் உற்பத்தியாளர் அல்லது பொதிபவரின் பெயரும் முகவரியும், பொருளின் பெயரும், உள்ளே இருக்கும் சில்லறைப் பொட்டலங்களின் எண்ணிக்கை அல்லது நிகர அளவும் இருக்க வேண்டும் என்கின்றன. உணவுப் பொருளாக இருந்தால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) சின்னம், 14 இலக்க உரிம எண், தொகுதி எண், தேதி ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்குங்கள். இவற்றோடு "இந்தப் பக்கம் மேலே" என்னும் அம்புக்குறி, நனையக் கூடாது என்பதற்கான குடைக் குறி, உடையும் பொருளுக்கான கோப்பைக் குறி ஆகிய மூன்றும் ஐ.எஸ்.ஓ. 780 தரத்தில் உள்ள வடிவத்திலேயே இருந்தால், தமிழோ ஆங்கிலமோ படிக்காத சுமைதூக்கும் தொழிலாளிக்கும் புரியும்.

தேதி, தொகுதி எண், விலை ஆகிய மூன்றையும் பிளேட்டில் ஏற்றவே ஏற்றாதீர்கள். அவற்றுக்கு மெல்லிய கோட்டுக் கட்டம் ஒன்றை வெறுமையாக விட்டு, முத்திரையோ இங்க்ஜெட்டோ ஸ்டிக்கரோ கொண்டு நிரப்பிக்கொள்ளுங்கள். உரிம எண், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை பிளேட்டில் இருக்கலாம். ஆனால் சின்னத்தோடு ஒட்டாமல், தனித் துண்டு பிளேட்டாக இருக்கும்படி சற்றுத் தள்ளி வையுங்கள். நாளை இடம் மாறினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும்.

வணிகச் சின்னம் பதிவாகியிருந்தால் மட்டுமே பெயருக்கு அருகில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடலாம். விண்ணப்பம் மட்டும் கொடுத்திருப்பவர் டி.எம். என்று போடலாம். பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-இன்படி குற்றம். வடிவமைப்பாளர்கள் அழகுக்காக அந்த ஆர் எழுத்தைச் சேர்த்துவிடுவது உண்டு, கவனமாகப் பாருங்கள்.

ஆலையிடம் கொடுக்க ஜி.எஸ்.டி. சான்றிதழ், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம், வணிகச் சின்னத்தின் சான்று அல்லது விண்ணப்ப நகல் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். இன்னொருவரின் பெயரில் பொதிபவராக இருந்தால் அவரிடமிருந்து அனுமதிக் கடிதமும் வேண்டும். பொறுப்பான ஆலை அதைக் கேட்காமல் அச்சிடாது.

4. கோப்பைத் தமிழ் எழுத்துக்கு ஏற்பத் தயாரியுங்கள்

வெட்டும் மடிப்பும் குறித்து ஆலை தரும் கீலைன் வரைபடத்தின்மேல்தான் வடிவமைப்பு அமைய வேண்டும். வடிவமைப்பாளர் தாமாகவே ஒரு செவ்வகத்தை வரைந்து அதில் அடுக்கினால், வெட்டும் மடிப்பும் எங்கே வரும் என்பது அவருக்குத் தெரியாமல் போகும். மடிப்புக்கோட்டின்மீதோ வெட்டின் ஓரத்திலோ எழுத்து வரக்கூடாது. குறைந்தது 10 மி.மீ. தள்ளி வையுங்கள். பழைய இயந்திரங்களில் அச்சு சில மில்லிமீட்டர் நகர்வது இயல்பு.

ஆங்கிலம் அச்சாகும் அளவில் தமிழ் அச்சாகாது. அட்டை மையை உறிஞ்சி விரிக்கும்போது, ஞ, ழ, ணை, ஜூ போன்ற சுழி நிறைந்த எழுத்துகளின் உட்புறம் அடைந்துவிடும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பழுப்புக் கிராஃப்ட் தாளில் தமிழை 12 பாயின்ட் அளவுக்குக் குறையாமல், எல்லாக் கோடுகளும் ஒரே தடிமன் கொண்ட எழுத்துருவில் வைப்பது நல்லது. நிறப்பட்டைக்குள் எழுத்தைக் காலியாக விட்டு அச்சிடுவதானால் அதைவிடப் பெரிதாக வையுங்கள், இல்லையேல் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

எழுத்துகள் அனைத்தையும் வளைகோடுகளாக மாற்றிய பிறகே கோப்பை அனுப்ப வேண்டும். கோரல்டிரா என்னும் வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழ் சரியாகச் சேராது. கொம்பும் காலும் இடம் மாறும். பிளேட் செய்பவரின் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் எல்லாமே குழம்பும். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருப்பார் என்று நம்பாதீர்கள்.

சாய்வு நிறங்களும் மென்நிழல்களும் வேண்டாம். சிறு ஆலைகளின் இயந்திரத்தில் நுண்புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து அழுக்குப்போலத் தெரியும். இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று தொடாதபடி இடைவெளி விட்டு வடிவமைத்தால், நிறங்கள் சற்று விலகினாலும் யார் கண்ணுக்கும் தெரியாது.

5. பார்கோடு வேண்டுமென்றால் இவற்றைக் கவனியுங்கள்

பெரிய கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் அனுப்புவோருக்கு மட்டுமே இது. பாட்டிலில் உள்ள 13 இலக்க எண்ணை அப்படியே பெட்டியில் போடாதீர்கள். ஸ்கேன் செய்தால் ஒரு பாட்டில் என்று பதிவாகும். பெட்டிக்கு 14 இலக்க எண் தனியே உண்டு. முதலில் 1 முதல் 8 வரை ஓர் இலக்கம், அடுத்து பாட்டில் எண்ணின் முதல் 12 இலக்கங்கள், கடைசியில் புதிதாகக் கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கம். பார்கோடு எண்களை வழங்கும் ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பில் பதிவு செய்தவர்களுக்கு இந்த எண்ணை அமைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு.

அட்டையில் நேரடியாக அச்சிட ஐ.டி.எஃப்.-14 என்னும் பார்கோடு வகையே ஏற்றது. அதன் முழு அளவு ஏறத்தாழ 152 × 41 மி.மீ.; அட்டையில் 62.5 விழுக்காட்டுக்குக் கீழே சுருக்கக்கூடாது. சுற்றியுள்ள தடித்த கட்டம் அலங்காரமன்று, பிளேட்டின் அழுத்தத்தைச் சமப்படுத்துவதற்கானது, அதை நீக்காதீர்கள். கோடுகள் அட்டை இயந்திரத்துக்குள் போகும் திசையிலேயே, அதாவது பெட்டியில் செங்குத்தாக, நிற்க வேண்டும். குறுக்கே வைத்தால் மை இழுபட்டுக் கோடு தடித்துவிடும். நிறம் கறுப்பாகவோ அடர்நீலமாகவோ இருக்கட்டும். ஸ்கேனரின் ஒளி சிவப்பு என்பதால் சிவப்பில் அச்சிட்ட கோடுகள் அதற்குத் தெரியாது.

6. பிளேட்: செலவும் உரிமையும்

பிளேட்டுக்குச் சதுர சென்டிமீட்டர் அல்லது சதுர அங்குல விலை சொல்வார்கள். அந்த விலையைவிட எத்தனை சதுர சென்டிமீட்டருக்குப் போடுகிறார்கள் என்பதே முக்கியம். பெரிய பக்கம் இரண்டிலும் 25 × 15 செ.மீ., சிறிய பக்கம் இரண்டிலும் 15 × 10 செ.மீ., இரண்டாம் நிறத்தில் 10 × 10 செ.மீ. சின்னம் நான்கு பக்கத்திலும் என்றால் மொத்தம் 1,450 சதுர செ.மீ. ஆகும். விரித்த அட்டை முழுவதற்கும் ஒரு நிறத்துக்கே கணக்குப் போட்டால் 7,112 சதுர செ.மீ., ஏறத்தாழ ஐந்து மடங்கு. துண்டுத் துண்டாகச் செய்து, பாலியஸ்டர் தாளில் இடம் பார்த்து ஒட்டி உருளையில் மாட்டுவதே வழக்கமான முறை. அதனால் வெற்றிடத்துக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சிறிய பக்கங்களில் இரண்டாம் நிறத்தைத் தவிர்த்தாலே 200 சதுர செ.மீ. மிச்சம்.

பிளேட் உருளையில் வளையும்போது அதன் மேற்பரப்பு நீளும். அதை ஈடுகட்டச் செய்பவர் படத்தை ஒரு திசையில் சுருக்கியே செய்வார். அந்தச் சுருக்கம் பிளேட்டின் தடிமனையும் உருளையின் விட்டத்தையும் பொறுத்தது. ஆகவே ஓர் ஆலையின் இயந்திரத்துக்குச் செய்த பிளேட் வேறு ஆலைக்குச் சரியாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்கக்கூடாது. "பிளேட்டை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம்" என்ற நினைப்பில் தொடங்குபவர்கள் இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

இருந்தாலும் பிளேட் உங்கள் சொத்து. முழுப் பணமும் நீங்கள் கொடுத்த பிறகு, ஆர்டரை நிறுத்தினால் பிளேட்டைத் தர முடியாது என்று சொன்ன ஓர் ஆலையை நான் கண்டிருக்கிறேன். பிளேட்டுக்குத் தனி வரியில் பில் போடச் சொல்லுங்கள். அதில் "வாங்குபவருக்குச் சொந்தம், கேட்டால் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். பிளேட் செய்த கோப்பின் நகலையும் அப்போதே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

பிளேட் செய்யும் முன் வரும் சரிபார்ப்பு நகலை (புரூஃப்), உண்மையான அளவில் தாளில் எடுத்து, மாதிரிப் பெட்டியின்மேல் ஒட்டிப் பாருங்கள். செல்பேசித் திரையில் பார்த்து "ஓகே" என்று அனுப்புவது வேண்டாம். உரிம எண்ணையும் தொலைபேசி எண்ணையும் இன்னொருவர் உரக்கப் படிக்க, நீங்கள் ஒவ்வோர் இலக்கமாகச் சரிபாருங்கள். அதன்பின் கையெழுத்திடுங்கள்.

7. நிறத்தை அந்தத் தாளிலேயே பாருங்கள்

திரையில் காணும் நிறமும் வெள்ளைத்தாளில் காணும் நிறமும் பழுப்புத் தாளில் வராது. மஞ்சள் அநேகமாகக் காணாமல் போகும், இளநீலம் சேறுபோல ஆகும். கறுப்பு, அடர்சிவப்பு, அடர்பச்சை, அடர்நீலம் ஆகியவை நம்பிக்கையானவை. வெளிர்நிறம் கட்டாயம் வேண்டுமென்றால் மேல் தாளை மட்டும் வெள்ளையாகக் கேளுங்கள். விலை கூடும், ஆனால் வெள்ளை மையை அடியில் பூசிச் சமாளிப்பதைவிட அது தெளிவாக இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் அதே தாளின் துண்டில் மையைத் தடவிக் காட்டச் சொல்லி, அதில் ஒரு துண்டைக் கையெழுத்துடன் நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவுப் பொருளுக்கு, அச்சு மை ஐ.எஸ். 15495 தரத்துக்கு ஏற்றது என்று மை நிறுவனத்தின் சான்றைக் கேளுங்கள். அச்சிட்ட பக்கம் உணவை நேராகத் தொடக்கூடாது என்பதும் விதி. பாட்டிலில் அடைத்த எண்ணெய்க்கு அந்தக் கவலை இல்லை, திறந்த தின்பண்டத்தைப் பெட்டியில் அடுக்குவோருக்கு உண்டு.

8. ஆர்டர், வரி, காலம்

கொள்முதல் ஆணையில் உள்ளளவு, ஒவ்வோர் அடுக்கின் தாள், புளூட் வகை, நிறங்கள், இணைப்பு பின்னா ஒட்டா, கட்டுக்கு எத்தனை, ஏற்றிறக்குக் கூலி யாருடையது ஆகிய எல்லாம் இருக்கட்டும். ஆர்டர் செய்த எண்ணிக்கையில் 10 விழுக்காடு வரை கூடவோ குறையவோ அனுப்பும் வழக்கம் உண்டு. உங்களுக்கு ஒப்பாவிட்டால் முன்பே எழுதுங்கள். அட்டைப்பெட்டியின் எச்.எஸ்.என். (ஜி.எஸ்.டி. பொருள் குறியீடு) 4819. 2025 செப்டம்பர் 22 முதல் பெட்டிக்கு வரி 5 விழுக்காடு, கிராஃப்ட் காகிதத்துக்கோ 18. காகிதத்துக்குக் கட்டிய கூடுதல் வரி (உள்ளீட்டு வரி) ஆலையிடம் தேங்குவதால் அந்தச் சுமை அடிப்படை விலையில் ஏறி வரக்கூடும். ஆகவே பழைய விலைப்புள்ளியோடு ஒப்பிடும்போது வரிக்கு முந்தைய விலையைத் தனியாகப் பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும், வெளிமாநிலத்திலிருந்து வருவதற்கு 50,000 ரூபாய்க்கு மேலும் இ-வே பில் வேண்டும்.

புரூஃபில் கையெழுத்திட்டதிலிருந்து முதல் சரக்கு வரை இரண்டு முதல் மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மறு ஆர்டருக்கு ஒரு வாரம் போதலாம். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. ஆலைகள் நிரம்பிவிடும், பண்டிகைக்கு ஆட்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆவணியிலேயே ஆர்டரைக் கொடுத்துவிடுங்கள்.

9. முதல் ஓட்டத்தன்று நேரில் இருங்கள்

பசை காயாத ஈர அட்டையில் அச்சிட்டால் அட்டை எளிதில் நசுங்கும், வளைந்தும் விடும், மழைக்காலத்தில் அவசரப்படுத்தாதீர்கள். முதல் பத்து இருபது தாள்கள் வந்ததும் நிறுத்தச் சொல்லி, நிறத்துண்டோடு ஒப்பிடுங்கள். எழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம்போல மை ஒதுங்கியிருந்தால் அழுத்தம் மிகுதி. அச்சு மங்கலாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், இயந்திரம் ஓட்டுபவர் மையைச் சரிசெய்வதற்குப் பதில் அழுத்தத்தைக் கூட்டுவதே எளிது என்பதால் அதைத்தான் செய்வார். அச்சு கறுக்கும், நெளிவு நசுங்கும், அடுக்கிய பெட்டிகள் கிடங்கில் கீழிருந்து சரியும். மையின் கெட்டித்தன்மையை அதற்கான அளவுக் கோப்பையில் அளந்து சரிசெய்யச் சொல்லுங்கள்.

10. சரக்கு வந்ததும்

அச்சிடாத அட்டைத் துண்டையும் அச்சிட்ட பகுதியையும் வெர்னியரில் அளந்து தடிமன் குறைவைப் பாருங்கள். பெட்டியை எடைபோடுங்கள். வெள்ளைத் துணியால் அச்சின்மேல் தேயுங்கள். நன்கு காய்ந்த, நீர் அடிப்படையிலான மை துணியில் அப்பாது. வெவ்வேறு கட்டுகளிலிருந்து சில பெட்டிகளை எடுத்து மடித்து, மடல்கள் நடுவில் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். குறை இருந்தால் பயன்படுத்தத் தொடங்கும் முன் படத்தோடு எழுதி அனுப்புங்கள். பாதிப் பெட்டிகளை நிரப்பிய பின் சொல்லும் புகாரை எந்த ஆலையும் ஏற்காது.

பிளேட் ஆலையிலேயே இருப்பதென்றால், ஓட்டம் முடிந்தவுடன் மை காயும் முன் கழுவி, வெயில்படாமல் தட்டையாகவோ தொங்கவிட்டோ வைக்கிறார்களா என்று கேளுங்கள். உங்கள் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு அதில் ஒட்டியிருக்க வேண்டும். அடுத்த ஆர்டருக்கு முன் அதை எடுத்துக் காட்டச் சொல்லிச் சுழிகளில் மை அடைந்திருக்கிறதா, ஓரம் எங்காவது பிய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு தேதி குறியுங்கள்.